டேப் பெட்டியின் கை

பெட்டிக்குள் கை நடக்கத் தொடங்கியது. சேர்மக்கனியால் அதைப் பார்க்க முடியாது. முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை, அதன் பக்கத்தில் இரண்டு பச்சை விளக்குகள், வெளியே தெரிவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் காதால்தான். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. உள்ளே எட்டு அறைகள், அறைக்கு ஒன்றாகக் கம்ப்யூட்டரின் பழைய கணக்குகளைப் பதிந்துவைத்த எட்டு டேப்புகள். அந்த இரும்புக் கை ஒவ்வொரு அறையின் வாசலிலும் போய் நிற்கும், டேப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் பார்கோட்டின் மேல் சிவப்பு வெளிச்சத்தை ஓடவிடும், இன்னார் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அடுத்த வாசலுக்கு நகரும். இந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இந்தச் சத்தத்தை ஒரு தொந்தரவாகத்தான் நினைத்தாள். பிறகு பழகி, பிறகு அது இல்லாமல் ஏதோ குறைவதுபோல ஆகி, இப்போது கண்ணை மூடிக்கொண்டு கை எந்த அறையில் நிற்கிறது என்று அவளால் சொல்ல முடியும். ஐந்து. ஆறு. ஏழாவதில் எப்போதும் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், கதவிடுக்கில் சேலை சிக்கினதுபோல. எட்டு. கை தன் இடத்துக்குத் திரும்பி அடங்கியது. அவள் கண்ணைத் திறந்தாள். திரையில் எட்டுக் கட்டங்கள், எட்டிலும் டேப் இருக்கிறது என்ற அடையாளம், எட்டுக்கும் கீழே பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. காலையிலிருந்து இதே கதைதான். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் பெயரில்லை. அவளுக்கு வேண்டியது அதில் ஒருவர். பழைய கதிர்வீச்சுக் கணக்குகள், மூன்றாவது டேப். கம்ப்யூட்டர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறது, பெட்டி அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறது. இல்லாமல் எங்கே போகும். அவள் கையால்தான் வைத்தாள். ஆற்றுவெள்ளம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்குள் வந்த அந்த டிசம்பரில், பதிவறையில் இருந்த இரண்டாவது பிரதிகள் எல்லாம் சேற்றில் ஊறிப்போன பிறகு, மிஞ்சியவற்றை வெளியே வைக்கப் பயந்து இந்தப் பெட்டிக்குள் அள்ளி அடுக்கினாள். எது எந்த அறை என்று அன்று பார்க்கத் தோன்றவில்லை. கை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள். இத்தனை காலமும் கைதான் பார்த்துக்கொண்டது.

மூன்றாவது டேப்புக்குள் முப்பிடாதி இருக்கிறாள். அப்படித்தான் மனசு சொல்லிக்கொண்டது, வேறு மாதிரி சொல்ல வரவில்லை. காலையில் ஹெலன் மேடம் வந்து கதவோரம் நின்றபோது, எதற்காக வந்திருக்கிறார் என்று தெரியாமல் இவள் மவுஸ் கேட்க வந்திருப்பார் என்று நினைத்தாள். ஹெலன் இந்த ஆஸ்பத்திரியின் பிஸிசிஸ்ட். நோயாளிகள் கரண்டு வைக்கிறது என்று சொல்லும் கதிர்வீச்சு எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு, எத்தனை நாளைக்குப் போகவேண்டும் என்று கணக்குப் போடுகிறவர். "கனி, பழைய பிளான் ஒன்னு வேணும். முப்பிடாதின்னு ஒரு பேஷண்ட், ஏழு வருஷத்துக்கு முந்தினது," என்றார். பழையவற்றை டேப்பில் எழுதிவிட்டு டிஸ்கில் அழித்துவிடுவதுதான் இங்கே வழக்கம், இடம் போதாது. எடுத்துத் தரேன் மேடம், சாயங்காலம் ஆகும் என்று இவள் சொன்னாள். ஹெலன் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வகுப்பில் பாடம் நடத்துகிறவர் மாதிரி இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிறவர் மாதிரி, "அந்தம்மாவுக்கு அப்ப முதுகெலும்புல கட்டி. கரண்டு வெச்சுக் கரைச்சாச்சு. இப்ப அதே இடத்துக்குப் பக்கத்துல திரும்ப வந்திருக்கு. கால் தளர ஆரம்பிச்சுட்டு. தோலு மறந்துரும், எலும்பு மறந்துரும் கனி. தண்டுவடம் மறக்காது. மறந்தாலும் கொஞ்சந்தான். வாங்கினதை வெச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குத் தாங்குற அளவுன்னு ஒன்னு இருக்கு. அதைத் தாண்டிக் குடுத்தா நாமளே காலை எடுத்துருவோம். குடுக்காம விட்டா கட்டி எடுத்துரும்," என்றார். கையில் காகிதம் இருக்குமே என்று இவள் கேட்டாள். "இருக்கு. மொத்தம் எவ்வளவுன்னு இருக்கு. தண்டுவடத்து மேல எவ்வளவு விழுந்துச்சுன்னு பிளான்லதான் தெரியும். மத்தியானத்துக்குள்ள கெடச்சா இன்னைக்கே தொடங்கிரலாம். நாளைக்குன்னா அந்தக் கால் இருக்குமோ என்னமோ. தெரியாம குடுக்க டாக்டர் ஒத்துக்கமாட்டார். வலிக்கு மட்டும் கொஞ்சமா வெச்சு அனுப்பிருவார்." அந்த வார்த்தைதான் இவளைப் பிடித்துக்கொண்டது. வாங்கினதை வெச்சுக்கிட்டே இருக்கும். முதுகுக்குள்ளே சுண்டுவிரல் தடிமனில் ஒரு கயிறு, அது யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. டேப்பும் அப்படித்தானே. ஆனால் டேப்பைக் கேட்டால் சொல்லும். கயிற்றைக் கேட்டால் சொல்லாது. சொல்லுகிற ஒன்று வாயை மூடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குப் பார்த்து.

கதவுக்கு வெளியே பெஞ்சில் யாரோ செருமினார்கள். கம்ப்யூட்டர் அறையின் குளிர் கதவின் அடியில் கசிந்து வெளியே போகும். அது தெரிந்தவர்கள் அந்தப் பெஞ்சுக்குத்தான் வந்து உட்காருவார்கள். இவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கதவின் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள், பார்த்ததும் முப்பிடாதி என்று தெரிந்துவிட்டது. ஐம்பதை ஒட்டிய வயது, வெளுத்த நீலச் சேலை, மடியில் மஞ்சள் பை. இடது காலைத் தரையில் ஊன்றாமல் லேசாகத் தூக்கி வைத்திருந்தாள், அது வேறு யாருடைய காலோ, தவறிக் கீழே விட்டுவிடக் கூடாது என்பதுபோல. கதவைத் திறந்ததும் அவளே பேசினாள். "எம்மா, நீங்கதான் பெட்டி பாக்குறவியளா? என் கணக்கு உங்க பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டுன்னு அந்த மேடம் சொன்னாவ." இவள் ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல், எடுத்துக்கிட்டிருக்கோம்மா என்றாள். "எடுங்க எடுங்க. அவசரமில்ல. அவிய பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு வாரேன்னு போயி ஒரு மணி நேரம் ஆச்சு. அவரைத் தேடி எடுக்கத்தான் பெட்டி வேணும்." சிரித்தாள். பிறகு தூக்கி வைத்திருந்த காலைப் பார்த்து, "சத்துணவுக் கூடத்துல அண்டா தூக்குன காலு. இப்ப செருப்பு கழண்டு விழுந்தாக்கூட தெரிய மாட்டேங்கு. நடந்துபோயித் திரும்பிப் பாத்தா செருப்பு அங்கன கெடக்கு," என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சேர்மக்கனி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தண்ணீர் குடிக்க மறந்துபோயிருந்தது. தன் செருப்புக்குள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். விரல்கள் சொன்னபடி கேட்டன. எவ்வளவு தூரம், நினைப்புக்கும் பெருவிரலுக்கும் நடுவே. அந்தக் கயிறு வழியாகத்தான் போகிறது, இந்த நிமிஷமும், கேட்காமலே, சத்தமில்லாமல்.

சென்னையில் இருக்கும் சர்வீஸ் ஆளைப் பிடிக்க நாலைந்து முறை போன் அடிக்க வேண்டியிருந்தது. பெயரைச் சொன்னான், அவள் மனசில் நிற்கவில்லை. "பெயர் எதுவுமே வரலையா மேடம்? அப்ப ரீடர் போயிருக்கும். லேசர். பழசு இல்லையா, ஆள் அனுப்புறேன், திங்கட்கிழமை." திங்கட்கிழமை. அவன் சொன்ன விதத்தில் திங்கட்கிழமை பக்கத்துத் தெரு மாதிரி இருந்தது. இன்னைக்கே வேணும் என்றாள். "அப்ப பேர் சொல்லிக் கேக்காதீங்க மேடம். நம்பர் சொல்லி ஒவ்வொன்னா எடுக்கச் சொல்லுங்க. டேப்புக்கு உள்ளேயும் பேர் எழுதியிருக்கும்ல, டேப்பை ஓட்டுற டிரைவ் படிச்சுச் சொல்லிரும்." இது அவளுக்கும் தோன்றியிருந்தது. தோன்றியும் தள்ளிப்போட்டாள். எட்டு அறைகளும் சேர்ந்த தட்டை வெளியே உருவி எடுத்துக் கண்ணால் பார்ப்பதும் தோன்றியது, அதையும் தள்ளிப்போட்டாள். போன வாரம் ஆயுத பூஜைக்குத் துடைக்க எடுத்தபோதே தட்டு திரும்ப உள்ளே போக அடம்பிடித்தது, பாதியில் ஒருபுறமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. இன்றைக்கு நின்றால். எதைத் தொட்டாலும் இன்றைக்கு அது கடைசித் தொடுகையாக இருந்துவிட்டால். ஒரே பிரதி. முப்பிடாதி மட்டுமா. அந்தக் கறுப்பு டேப்புகளுக்குள் எத்தனை பேர். தலை, கழுத்து, நெஞ்சு, கருப்பை, ஒவ்வொரு உடம்பும் வெங்காயத்தை வட்டமாக நறுக்கின மாதிரி படம் படமாக. அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருந்தாலும் அவர்கள் வாங்கியது அங்கே இருக்கிறது. முதல் அறையில் உள்ளதை எடு என்று எழுதினாள். விரல் அந்த விசையின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினாள். கை புறப்பட்டது. ஒரு இழுப்பு. நிறுத்தம். முதல் அறையின் வாசலில் கை நீண்டு டேப்பைப் பற்றுகிற சத்தம் வரவேண்டும், நகம் தகரத்தில் படுகிற மாதிரி ஒரு சின்னக் கிளிக். கிளிக் வரவில்லை. ஒரு வழுக்கல், மறுபடி நீண்டது, மறுபடி வழுக்கியது, மறுபடி. பிறகு அவள் இத்தனை வருஷத்தில் கேட்டிராத ஒரு சத்தம், தொண்டையில் மாட்டினதுபோல. அதோடு நின்றுவிட்டது. பச்சை விளக்கு மஞ்சளானது. கை பாதி நீண்ட நிலையில் நிற்கிறது என்று திரை சொன்னது. அணைத்துப் போட்டாள். கை நகரவில்லை. தட்டைத் திற என்றாள். கை உள்ளே நீண்டிருக்கும்போது தட்டு திறக்காது என்றது. எல்லாக் கதவையும் உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டு ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு. மின்விசிறியின் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறியது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறதுபோல இதென்ன என்று தோன்றியது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பின்பக்கத்தில் ஒரு துளை உண்டு. கரண்டு போய்த் தட்டு மாட்டிக்கொண்டால் அதற்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு அழுத்தினால் தாழ் விடும். பெட்டி வந்த நாளில் பொருத்த வந்தவர்கள் காட்டினார்கள், அதற்கென்று ஒரு கம்பியும் கொடுத்தார்கள். கம்பி எங்கே. மேசை இழுப்பறையில் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு எது எங்கே இருக்கிறது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி விட்டுப் பார்த்தாள், தடிமன், போகவில்லை. குண்டூசி போனது, எட்டவில்லை. தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிப் பார்த்தாள், அதுவும் குட்டை. கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தபோது அவள் முகத்தில் என்ன இருந்ததோ, பெஞ்சில் இருந்தவள் கேட்டாள். "என்ன தேடுதீய?" நீளமா மெல்லிசா ஒரு ஊக்கு என்றாள் சேர்மக்கனி. முப்பிடாதி மஞ்சள் பையைப் பெஞ்சில் வைத்தாள். முந்தானையை விலக்கித் தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் மாங்கல்யத்தோடு வரிசையாக ஊக்குகள் தொங்கின, சின்னது, பெரியது, துருப்பிடித்தது. எல்லாவற்றிலும் பெரியதைக் கழற்றி நீட்டினாள். "பொம்பளைகிட்ட வேற எதுக்கு இது தொங்குது. என் கணக்கை என் ஊக்கை வெச்சே எடுத்துருங்க." அது உடம்புச் சூட்டோடு இருந்தது. சேர்மக்கனி அதைப் பல்லால் கடித்து நிமிர்த்தினாள், சுவிட்சை அணைத்தாள், பெட்டியின் பின்னால் தரையில் மண்டியிட்டாள், வயர்களை ஒதுக்கினாள். தூசியும் சூடான பிளாஸ்டிக்கின் வாடையும். துளைக்குள் கம்பி போனது. போய்க்கொண்டே இருந்தது. எதிலோ முட்டியது. அழுத்தலாமா. தெரியாத ஒரு உடம்புக்குள் ஊசி இறக்குகிறவர்களை அவள் ஆபரேஷன் தியேட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். அவர்கள் கை எப்படி நடுங்காமல் இருக்கிறது என்று வியந்திருக்கிறாள். இப்போது தெரிந்தது, நடுங்கும், ஆனால் நடுக்கம் விரல் நுனிக்கு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். அழுத்தினாள். உள்ளே எங்கோ ஒரு தாழ் விட்டது. முன்பக்கத்தில் தட்டு ஒரு விரல் அகலம் வெளியே வந்தது.

முதலில் வந்தது வாசனை. சந்தனம். அவளுக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. குளிர்ந்த அறையின் இரும்பு வாடைக்கு நடுவே, கோயிலிலிருந்து வந்த யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல. தட்டை மெல்ல மெல்ல உருவினாள். எட்டு டேப்புகளும் வரிசையாக இருந்தன. எட்டின் முகத்திலும் கட்டைவிரல் அகலத்தில் சந்தனம், காய்ந்து வெடித்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பார்கோட்டின் கோடுகள் அத்தனையும் அதற்கு அடியில். முதல் டேப்பின் சந்தனத்தில் மட்டும் கையின் பற்கள் வழுக்கின தடம், பூனை பிறாண்டினதுபோல. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எட்டு முகங்கள் அவளைப் பார்த்தன. கறுப்பு உடம்பும் மஞ்சள் நெற்றியும் சிவப்புப் பொட்டுமாக, குளிப்பாட்டிப் பொட்டு வைத்து இருட்டறையில் உட்கார்த்தி வைத்த பிள்ளைகள் மாதிரி, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல். இந்த ஒரு வாரமும் கை வாசல் வாசலாகப் போய் இந்த முகங்கள் மேல் சிவப்பு வெளிச்சத்தை ஓடவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்பியிருக்கிறது. அவளையறியாமல் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தேடி மடியில் சேர்ந்துகொண்டன. கும்பிட்டாள் என்று சொல்ல முடியாது. சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

கோமதியைக் கூப்பிட்டு அனுப்பினாள். கோமதி அந்த மாடியைத் துடைத்துப் பெருக்குகிறவள், பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு அறை அறையாகப் போனவள். உள்ளே வந்ததும் தரையில் இருந்த தட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "எக்கா, எதுக்கு வெளிய எடுத்துப் போட்டிருக்கீய?" சேர்மக்கனி விரலால் காட்டினாள். "இதுக்கு யாரு வெச்சா?" "நான்தான் வெச்சேன்." "இது மேலதான் பேரு எழுதியிருக்கு கோமு. அதைப் படிச்சுத்தான் பெட்டி எடுக்கும்." கோமதிக்கு முகம் சுருங்கியது. பிறகு மெல்ல, ஆனால் விடாமல், "நீங்கதானக்கா சொன்னீய. நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீய, இந்தக் கறுப்பு டப்பாவுக்குமான்னு நான் கேட்டேன், எல்லாத்துக்கும் வையின்னு சொன்னீய. யுபிஎஸ்சுக்கு வெச்சேன், ஏசிக்கு வெச்சேன், இதுக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னுதான்," என்றாள். எல்லாத்துக்கும் வை. ஆமாம். அந்தக் குரல் தன்னுடையதாகவே காதில் விழுந்தது, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கையை ஆட்டி. அன்று போனை விடாமலே, பார்க்காமலே தட்டை உள்ளே தள்ளின பிறகு கை ஒருமுறை தானாக நடந்திருக்கும். எட்டு வாசலிலும் நின்றிருக்கும். திரை எட்டு வெறுமையைக் காட்டியிருக்கும். அவள் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு அறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். "சரி, ஊசி போடுற ரூம்ல போயி கொஞ்சம் பஞ்சு வாங்கிட்டு வா. ஸ்பிரிட்டு வேண்டாம்." "பெரிய தப்பாக்கா?" "நான் சொன்னதத்தான செஞ்ச. போ, சீக்கிரம்." கோமதி ஓடினாள்.

ஸ்பிரிட் பட்டால் அச்சு மை கரைந்துவிடும். தண்ணீர் அதிகமானால் லேபிள் பிரிந்துவிடும். பஞ்சை நனைத்துப் பிழிந்து, பிழிந்ததை மறுபடி துணியில் ஒற்றி, முதல் டேப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மறுமுனையைத் திருப்பிப் பார்த்தாள், அங்கேதான் டேப் உள்ளே போய் வருகிற சின்னக் கதவு. மூடியிருந்தது. சந்தனம் இந்த முகத்தோடு நின்றுவிட்டது. ஒரு குங்குமத் துகள் அந்தக் கதவு வழியாக உள்ளே போயிருந்தால், என்று தொடங்கிய நினைப்பை அவள் முடிக்கவில்லை. டிரைவுக்குள் டேப்பைத் தொட்டு எழுதும் அந்தத் தலைக்கு ஒரு துகள் என்பது பாறை. கோமதி எதிர் முனையில் வைத்திருக்கலாம். எட்டில் ஒன்றைத் திருப்பிப் பிடித்திருக்கலாம். முகம் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்து இருக்கிற பக்கம்தானே முகம். சந்தனம் முதலில் அசையவில்லை. பிறகு விளிம்பில் குழைந்தது, விரலில் மஞ்சள் ஏறியது, வாசனை மறுபடி புதிதாக எழுந்தது. அழுத்தாமல், குழந்தையின் கண்ணில் பீளை துடைக்கிறதுபோல ஒரே பக்கமாகத் துடைத்தாள். மஞ்சளுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு வந்தது. இன்னொன்று. மெல்லியது, தடித்தது, இடைவெளி, மெல்லியது. மனிதக் கண்ணுக்கு வெறும் வேலி. அந்தக் கைக்கு அது ஒரு பெயர். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கோமதி பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதைத் துடைத்தபோது கோடுகளுக்குக் கீழே இவள் அன்றைக்கு அச்சடித்து ஒட்டின எழுத்து தெரிந்தது. மூன்றாவது டேப் அதுதான். சேர்மக்கனி அதை மடியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. இதற்குள் சுருண்டிருப்பதை நீட்டினால் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தலைமுடியைவிட மெல்லிசு. அத்தனை நீளத்தில் எங்கோ ஒரு சாண் இடத்தில் வெளியே பெஞ்சில் இருக்கிறவளின் முதுகு.

தட்டு அடம்பிடிக்கவில்லை. ஒரே தள்ளலில் உள்ளே போய் உட்கார்ந்தது. கையின் பற்களையும் கோமதி கொடுத்த காய்ந்த பஞ்சால் துடைத்திருந்தாள். சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் எரிந்து அணைந்து எரிந்தன. ஹெலன் மேடம் வந்து பின்னால் நின்றது தெரிந்தது; திரும்பவில்லை. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். முதல் கட்டத்தின் கீழே எழுத்து வந்தது. மறுபடி ஒரு இழுப்பு. இரண்டாவது. ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். கோமதி தரையிலிருந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழாவதில் அந்தத் தயக்கம், பிறகு அதுவும் சொன்னது. கம்ப்யூட்டர் கேட்டது, பெட்டி இருக்கிறது என்றது, கை ஐந்தாவது வாசலுக்குப் போனது, கிளிக். அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவள் தோள்கள் இரண்டும் தாமாகத் தளர்ந்தன. டேப்பைத் தூக்கிக்கொண்டு கை திரும்பி நடந்து டிரைவின் வாயில் வைத்தது. ஒரு முனகல், பிறகு ஓட்டம். தூரத்தில் மழை வருகிறதுபோல ஒரு சீரான ஓசை, அது போய்க்கொண்டேயிருந்தது, நின்றது, எதிர்த்திசையில் திரும்பிப் போய்க்கொண்டேயிருந்தது. பாலம் வரை போய்த் திரும்பி மறுபடி பாலம் வரை. தேடுகிறது. எத்தனை உடம்புகளைத் தாண்டித் தேடுகிறது. நூலுக்குள் நூலாக எழுதியதை, தொட்டும் தொடாமலும் இத்தனை வேகத்தில் ஓடவிட்டுப் படிக்கிறது, ஒருவரை இன்னொருவராக மாற்றிப் படிக்காமல். இதை மனிதர்கள்தான் செய்தார்கள் என்பது தெரியும். தெரிந்தும் நம்பக் கடினமாக இருந்தது, பிள்ளை பெறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தவள் தன் வயிற்றைத் தடவிப் பார்ப்பதுபோல. கிடைக்காமலும் போகலாம். ஏழு வருஷம். அந்தச் சாண் இடம் மட்டும் மங்கிப்போயிருக்கலாம். ஓசை மெதுவானது. நின்றது. பிறகு கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றாகக் கோப்புகள் விழத் தொடங்கின, மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுகிறதுபோல இடைவெளி விட்டு, பிறகு இடைவெளி இல்லாமல்.

ஹெலன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். படத்தைத் திறந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, குறுக்காக வெட்டினது, நடுவே வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு எலும்பு, எலும்பின் நடுவே ஒரு சின்ன வட்டம். அதுதான் அந்தக் கயிறு. எலும்பைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கோடுகள், கதிர் எங்கே எவ்வளவு விழுந்தது என்று. சேர்மக்கனிக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. எல்லாக் கோடுகளும் வருகிற வழியில் அந்தச் சின்ன வட்டத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வளைந்தன. கல்லைச் சுற்றி ஆற்றுத் தண்ணீர் பிரிந்து போகிறதுபோல, வட்டத்தைத் தொடாமல், அதற்கென்று ஒரு இடம் விட்டு. ஹெலன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படம், அடுத்த படம், எல்லாவற்றிலும் அதே வளைவு. ஓரத்தில் பிளான் போட்டவரின் பெயருக்கு இருந்த மூன்று எழுத்தை விரலால் தொட்டார். "எனக்கு முன்னால இருந்தவர். நான் பார்த்ததில்ல," என்றார். "அன்னைக்கு இவ்வளவு வளைச்சிருக்க வேண்டியதில்ல கனி. நேரா போட்டிருந்தாலும் தாங்குற அளவுக்குள்ளதான் இருந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. இதுக்கு ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்கணும்." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மாட்டிக்கொண்டார். "திரும்ப வந்தா குடுக்கறதுக்கு இடம் விட்டு வெச்சிருக்காரு." யாரோ ஒருவர், எங்கோ இப்போது இருக்கிறார் அல்லது இல்லை, இந்த மத்தியானத்தைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோட்டை வளைத்துவைத்துவிட்டுப் போய்விட்டார். டேப் அதைச் சொல்லிவிட்டது. முதுகுக்குள்ளே அந்தக் கயிறும் அதைத்தான் வைத்திருந்திருக்கிறது, வாங்கினதை மட்டுமில்லை, வாங்காததையும்.

ஹெலன் போனைக் காதில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசியபடியே வெளியே போனார். சேர்மக்கனி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். முப்பிடாதி எழ முயன்றுகொண்டிருந்தாள், மஞ்சள் பையை அக்குளில் இடுக்கி, பெஞ்சின் கையைப் பற்றி. "கெடச்சிட்டாம்மா?" "கெடச்சிட்டு. உள்ள கூப்பிடுதாவ, போங்க." "எவ்வளவு கரண்டு வாங்கியிருக்கேனாம்?" சேர்மக்கனி யோசித்தாள். "கொஞ்சந்தான்மா. இன்னும் வாங்கலாம்." முப்பிடாதி தலையாட்டிக்கொண்டாள், யாரோ தன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதுபோல. சேர்மக்கனி கையில் இருந்ததை நீட்டினாள். நிமிர்த்தின ஊக்கு, ஒரு பக்கம் சந்தனத்தின் மஞ்சள் ஒட்டி. "நிமிந்து போச்சும்மா." "கெடக்கட்டும், நீங்களே வெச்சுக்கிடுங்க. பெட்டிக்கு ஒன்னு இருக்கட்டும். அவிய வந்தா நான் உள்ள இருக்கேன்னு மட்டும் சொல்லிருங்க." இடது காலைத் தரையில் இழுத்தபடி நடந்து போனாள். சிகிச்சை அறையின் கதவு நடைபாதையின் கோடியில் இருந்தது. பின்னால் அறைக்குள் கை டேப்பைத் தூக்கிக்கொண்டு அதன் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சேர்மக்கனி கதவைப் பிடித்தபடியே கண்ணை மூடி, நடைபாதையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டாள். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு.